சுவரைப் பார்த்துச் சொன்ன ஆமாம்

பிசிலா எட்டு முறை "ஆமாம்" சொன்னாள். எட்டு முறையும் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

சுவரில் அப்படியொன்றும் பிரமாதமாக இல்லை. கை கழுவும் முறையைப் படம் போட்டு விளக்கும் பழைய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அவள் பார்த்திருக்க வேண்டியது அந்தத் தாளை அல்ல, இரண்டடி தள்ளி ஒருக்களித்துப் படுத்திருந்த கலாஃபியின் இடது தொடையை. அந்தத் தொடையின் பின்புறத்திலிருந்து, ஒரு மாங்காய் அளவுக்கு இருந்த புற்றுக்கட்டியைப் போன வாரம் வெட்டி எடுத்திருந்தார்கள். கட்டி போன குழியில் எட்டு மெல்லிய குழல்களை வரிசையாகப் படுக்கவைத்துத் தைத்து, அதன் மேல் சதையை மூடியிருந்தார்கள். குழல்களின் முனைகள் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான், பொத்தானில் ஓர் எண்.

கத்தி விட்டுவைத்த மிச்சத்தைப் பொசுக்கத்தான் இந்தக் குழல்கள். மெஷினிலிருந்து வரும் எட்டு நீளக் குழாய்களை எட்டுப் பொத்தான்களில் மாட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். மெஷினுக்குள் ஒரு நீளக் கம்பி, அதன் நுனியில் அரிசிமணியை விடச் சின்னதாக இரிடியம் என்ற கதிர்வீச்சு உலோகம். அது ஒவ்வொரு குழலாக உள்ளே போய், இங்கே ஐந்து வினாடி, அங்கே இருபது வினாடி என்று நின்று, சதைக்குள்ளிருந்தே கதிரை வீசிவிட்டுத் திரும்பி வரும். எங்கே எவ்வளவு நேரம் என்பதெல்லாம் முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருப்பது. எந்தக் குழாய் எந்தப் பொத்தானில் என்பது மாறினால் அவ்வளவு கணக்கும் பாழ். அதனால்தான் இரண்டு பேர். ஒருவர் மாட்டி எண்ணைச் சொல்ல வேண்டும், மற்றவர் கண்ணால் பார்த்து "ஆமாம்" சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாகப் பிசிலா பார்த்துத்தான் ஆமாம் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு காலை வேளை மட்டும் பார்க்கவில்லை.

ஏனென்றால் கலாஃபி அவள் அண்ணன்.

கூடப் பிறந்தவர் இல்லை, பெரியம்மா மகன். குடும்பப் பெயர் வேறு என்பதால் ஆஸ்பத்திரிக் காகிதங்களில் இருவரும் யாரோ எவரோ. ஆனால் பெரியம்மா செத்தபோது கலாஃபிக்கு ஆறு வயது, அன்றிலிருந்து பிசிலாவின் அம்மாதான் வளர்த்தாள். எங்கள் டோங்காத் தீவுகளில் அண்ணன் தங்கை என்றால் சும்மா இல்லை. மீசை அரும்பும் முன்னாலேயே பையன்கள் தனியாகப் படுக்கப் போய்விடுவார்கள். தங்கை இருக்கும் அறையில் அண்ணன் படம் பார்க்க மாட்டான், கேலி பேச மாட்டான், சட்டையில்லாமல் நிற்க மாட்டான். நேருக்கு நேர் பேசுவதே அபூர்வம், எல்லாம் மூன்றாம் ஆள் வழியாகத்தான். இதில் தங்கைதான் உசத்தி, அண்ணன் ஒரு படி கீழே. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் குடியேறி முப்பது வருஷமாகிறது, கடலைத் தாண்டியும் இது கரையவில்லை. வெள்ளைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன.

மொத்தம் பத்து வேளை சிகிச்சை, ஒரு நாளைக்கு இரண்டு. முதல் நாள் கூட வேலை பார்க்கும் ஹெதரும் ராஸும் பார்த்துக்கொண்டார்கள். பிசிலா வெளியே கேமராத் திரை முன்னால் உட்கார்ந்து தப்பித்தாள். இரண்டாம் நாள் காலையில் ராஸுக்குக் காய்ச்சல். மிச்சமிருந்த ஒரே ஆள் மோகினி பிரசவ விடுப்பில் இருந்தாள். "நீ வா, பாத்து ஆமாம்னு சொன்னாப் போதும்" என்றாள் ஹெதர். அப்போதே சொல்லியிருக்கலாம். இவர் என் அண்ணன், என்னால் முடியாது என்று இரண்டே வார்த்தை. ஆனால் அண்ணன் என்றால் என்ன, காலைப் பார்த்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று ஹெதர் கேட்பாள். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மானம் போய்விடும். பிசிலா வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

"கலாஃபி, இது பிசிலா. உங்க ஊர்க்காரப் பொண்ணு" என்றாள் ஹெதர்.

கலாஃபி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். திரும்பவில்லை. "அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம்" என்று சுவரிடம் சொன்னார். அவள் கூச்சத்தைக் காப்பாற்ற அவரும் அந்நியர்போல நடித்தார்.

அவள் பார்க்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கும் நாக்கு எழவில்லை.

எங்கள் ஆட்களில் ஒருவருக்குத் தீராத நோய் வந்தால், செத்துப்போன சொந்தக்காரர் யாருடைய எலும்பில் வேர் ஏறி இவரை வதைக்கிறது என்று பார்ப்பார்கள். அறுவைக்கு முந்தின வாரம், ஊரில் வவாவுத் தீவில் சித்தப்பாமார் கூடிக் கலாஃபியின் அம்மா கல்லறையைத் திறந்தார்கள். கடலோர மணல், பக்கத்தில் சவுக்கு மரம். அந்தச் சவுக்கின் வேர் பெரியம்மாவின் தொடை எலும்பை ஒரு பக்கம் துளைத்து மறுபக்கம் வந்திருந்தது. இடது தொடை. வேரை வெட்டி எறிந்து, எலும்புகளைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, புது மரப்பட்டைத் துணியில் சுற்றித் திரும்பப் புதைத்தார்கள். அதையெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் படமெடுத்துக் குடும்பத்துக்கே அனுப்பிவைத்தான். பிசிலா தேநீர் குடித்துக்கொண்டே போனைத் திறந்தாள், பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் குளிக்கும்போதும் கார் ஓட்டும்போதும் அந்த எலும்பு கண்ணுக்குள் நின்றது. இப்போது கலாஃபியின் தொடையில் துளைத்து நுழைந்து வெளிவரும் எட்டுக் குழல்களைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"மூணு" என்றாள் ஹெதர்.

"ஆமாம்" என்றாள் பிசிலா, கை கழுவும் படத்தைப் பார்த்து.

எட்டும் முடிந்தது. ஹெதர் முதலில் வெளியேறினாள். கடைசியாகக் கிளம்புகிறவர் அறையின் உள்கோடிச் சுவரில் இருக்கும் சுவிட்சை அழுத்த வேண்டும். உள்ளே நோயாளியைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை என்பதற்கு அதுதான் உறுதி. பிசிலா அழுத்தினாள். கனத்த கதவு மெதுவாக மூடிக்கொண்டது. எங்கள் வீடுகளில் காய்ச்சல்காரனைக்கூட ஒரு நிமிஷம் தனியே விட மாட்டோம், சுற்றிலும் பாய் போட்டுப் பத்துப் பேர் படுத்திருப்போம். இங்கே வைத்தியமே தனியே விட்டுவிட்டு ஓடுவதுதான்.

திரையில் கலாஃபியின் முகம் தெரிந்தது. உதடுகள் அசைந்தன, சர்ச்சுப் பாட்டாக இருக்கும். கர்ர்ரென்று கம்பி போவதும் நிற்பதும் திரும்புவதும் ஒலிபெருக்கியில் கேட்டது. நடுவில் ஒரு தடவை அவர் பாடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கித் தன் கால்மாட்டைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. கதவு திறந்து உள்ளே போனதும் ஹெதரின் போன் அலறியது. "அறுவை அறையிலேர்ந்து கூப்பிடறாங்க. நீ கழட்டிடு, இதோ வந்துட்டேன்" என்று ஓடினாள்.

கழற்ற வேண்டுமானால் பார்த்துத்தானே ஆக வேண்டும். பிசிலா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். மூன்றாம் எண் பொத்தானில் ஆறாம் குழாய் மாட்டியிருந்தது. ஆறாம் பொத்தானில் மூன்றாம் குழாய்.

கண்ணை மூடித் திறந்தாள். குனிந்து விரலால் தொட்டு இன்னொரு முறை படித்தாள். மூன்றில் ஆறு, ஆறில் மூன்று. ஒவ்வொன்றாகக் கழற்றி மெஷின் பக்கம் தொங்கவிட்டாள். கழற்றியபின் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எட்டுக் குழாய்களும் ஒரே நீளம், மெஷினுக்கும் தெரியாது.

"முடிஞ்சுதா?" என்று கலாஃபி சுவரிடம் கேட்டார்.

"முடிஞ்சுது" என்று பிசிலா தரையிடம் சொன்னாள்.

அடுத்த வேளை மூன்று மணிக்கு. இடையில் ஆறு மணி நேரம். பிசிலா கணினியில் திட்டத்தைத் திறந்து பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். மூன்றாம் குழல் காலுக்குப் போகும் பெரிய நரம்பை உரசிக்கொண்டு கிடந்தது, அதனால் அங்கே தொட்டும் தொடாமலும் சில வினாடிகள்தான். ஆறாம் குழல் எலும்போரம், கட்டி ஒட்டியிருந்த இடம், அங்கேதான் அதிக நேரம். எலும்புக்கென்று வைத்த நெருப்பு முழுக்க நரம்புக்குப் போயிருந்தது. எலும்போரத்துக்கு ஒன்றுமே போகவில்லை என்று சொல்லலாம்.

பத்தில் ஒரு வேளைதானே என்று ஒரு மனசு சொன்னது. நரம்பு தாங்கிக்கொள்ளும், மீதி ஒன்பது வேளை எலும்பைப் பார்த்துக்கொள்ளும், சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. சொன்னால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. ஏன் பார்க்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், தங்கச்சி அண்ணன் தொடையருகே நின்றாள் என்பது எங்கள் ஆட்கள் குடியிருக்கும் மாங்கெரே முழுக்கப் பரவும். சொல்லாமல் விட்டு, நாளைக்கே எலும்போரத்தில் கட்டி திரும்பி வந்தால்? அவள் கணினியை மூடினாள். எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குடித்த தேநீரை வாந்தியெடுத்தாள்.

வெளியே வந்தபோது வராந்தாவில் சேய்னி உட்கார்ந்திருந்தாள். கலாஃபியின் மனைவி, வாய் மூடத் தெரியாதவள். மடியில் சேப்பங்கிழங்கு இலையில் மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துச் சுட்ட பொட்டலங்கள்.

"வாங்க நாத்தனாரே! என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? எங்காளு உள்ள பாட்டுப் பாடிட்டாரா?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"அவரு பாடினா எனக்கும் இப்படித்தான் ஆகும். இந்தாங்க, சூடா இருக்கு. ஆஸ்பத்திரிச் சோத்தைத் தின்னுத் தின்னு ஈர்க்குச்சியாட்டம் ஆயிட்டீங்க."

"பசிக்கல அண்ணி."

சேய்னி பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்கண்ணன் ஒண்ணு சொன்னாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு. நான் என்னிக்கு அவரு பேச்சைக் கேட்டிருக்கேன்? அந்தக் கதவு மூடினதும் அவங்கம்மா வந்து கால்மாட்டுல நிக்கறாங்களாம். மணல் உதிர்ற சத்தம் கேக்குதாம். ரெண்டு நாளா அப்படித்தானாம்."

பிசிலா பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. வேண்டாம்யா, வீட்டுக்கு வந்துடுன்னேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? வெளியில நம்ம பிசிலா பாத்துக்கிட்டு இருக்கா, அவ கண்ணுல பட்டு ஒரு தப்பும் நடக்காது, நான் எதுக்குப் பயப்படணும்னாரு. நல்லவேளை நீங்க இருக்கீங்க. இல்லேன்னா அந்த மனுஷன் பயத்துலயே போயிருப்பாரு."

பிசிலா பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்தாள். "இதோ வந்துடறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நடை ஓட்டமாயிற்று.

ஹெதர் முதலில் நம்பவில்லை. "நான் மாத்தியா மாட்டினேன்? இருபது வருஷமா மாட்டறேன், பிசிலா!"

"மாத்தித்தான் மாட்டியிருந்தீங்க. கழட்டறப்போ பாத்தேன்."

"அப்ப மாட்டறப்போ? எட்டுக்கும் ஆமாம்னியே!"

"பாக்காமச் சொன்னேன்."

"பாக்காமயா?" ஹெதரின் முகம் சிவந்தது. "உன்னை எதுக்குடி நிக்கவச்சேன் அங்க? அழகுக்கா?"

"அவரு எங்கண்ணன்" என்றாள் பிசிலா. "அண்ணன் தொடையை நாங்க பாக்கக் கூடாது. உங்களுக்குப் புரியாது. நான் காலையிலேயே சொல்லியிருக்கணும், வெக்கப்பட்டுட்டு நின்னுட்டேன்."

ஹெதர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நல்ல பெண்மணி, கோபம் வந்த வேகத்தில் போய்விடும். "என் தப்பு பாதி, உன் தப்பு பாதி" என்றாள் கடைசியில். "வா, போய்ச் சொல்லுவோம்."

மூன்று மணி வேளை நிறுத்தப்பட்டது. கணக்குப் போடுகிற நிபுணர் திரும்பவும் உட்கார்ந்தார். மாலையில் டாக்டரம்மா வார்டுக்குப் போய், கலாஃபியிடமும் சேய்னியிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பிசிலாவும் கதவருகே நின்றாள்.

"கால் போயிடுமா?" என்று கேட்டார் கலாஃபி.

"போகாது. எலும்போரம் விட்டுப்போனதை மீதி ஏழு வேளையில சரிக்கட்டிடலாம். நரம்புக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. பாதத்தைத் தூக்க முடியாமப் போகலாம், ஒண்ணும் ஆகாமயும் இருக்கலாம். தெரியறதுக்கு மாசக்கணக்காகும்."

பிசிலா வந்து கட்டிலின் கால்மாட்டில், தரையில் உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயையோ, எந்திரிங்க!" என்று சேய்னி பதறினாள். "நீங்க போயி தரையில உக்காரலாமா? எங்க வம்சமே நாசமாப் போயிடும், எந்திரிங்க!"

பிசிலா எழவில்லை. அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பிசிலா."

முப்பது வருஷத்தில் கலாஃபி அவளை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"தரையில உக்காராதேம்மா. நீ தரையில உக்காந்தா நான் எங்க போயி உக்காருவேன்?"

அவள் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். கலாஃபி அவளைப் பார்க்காமல் டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்கும் அவதான் பாக்கணும்."

"அது முடியாதுங்க. சொந்தக்காரங்க செய்யக் கூடாது, அது விதி. நடந்ததுக்கப்புறம்..."

"அவ பாக்காததாலதானே இது நடந்துச்சு? அப்ப அவ பாத்தாத்தான் சரியாகும். இல்லேன்னா இந்தக் குழலையெல்லாம் இப்பவே உருவிடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

ஏழு வேளை பாக்கி வைத்துவிட்டு அந்த மனிதர் எழுந்து போனால் கட்டி எந்த வழியாகத் திரும்பும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பிரிவுத் தலைவி அரை மணி நேரம் போனில் பேசினார். கடைசியில் தானே மூன்றாவது ஆளாக அறைக்குள் நிற்பதாகச் சொல்லி ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை மழை. கலாஃபியைச் சிகிச்சை அறைக்குக் கொண்டுவந்தபோது அவர் கையில் ஒரு துணி இருந்தது. பழுப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட மரப்பட்டைத் துணி, ஓரத்தில் கிழித்த தடம். பிசிலாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பெரியம்மாவின் எலும்புகளைச் சுற்றிய துணியில் மிஞ்சிய துண்டு, ஊரிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். அறையில் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது.

ஹெதர் முதல் குழாயை எடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் கலாஃபி. அந்தத் துணியை உதறித் தலையோடு முகத்தை மூடிக்கொண்டார். கைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டார். எங்களில் ஒருவருக்கு முகத்தை அப்படி மூடுவது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான், அதுவும் மற்றவர்கள் மூடுவார்கள். பிசிலாவுக்கு வேண்டாம் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

துணிக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "இப்ப இங்க உன் அண்ணன் இல்ல. நல்லாப் பாரு."

பிசிலா பார்த்தாள். சிவந்து வீங்கிய தையலைப் பார்த்தாள். சதையைத் துளைத்துப் போகும் எட்டுக் குழல்களைப் பார்த்தாள். அந்தப் படத்தில் இருந்த வேர் கண்முன் வந்தது, வரட்டும் என்று விட்டாள். யாரோ பக்கத்தில் வந்து நிற்கிறமாதிரி இருந்தது, திரும்பவில்லை.

"ஒண்ணு" என்றாள் ஹெதர்.

பிசிலா குனிந்து, பொத்தானைத் தொட்டு, எண்ணைப் படித்தாள். "ஆமாம்."

"ரெண்டு."

"ஆமாம்."

"மூணு."

மூன்றில் அவள் குழாயின் எண்ணையும் பொத்தானின் எண்ணையும் இரண்டு தடவை படித்தாள். ஹெதர் காத்திருந்தாள். துணி மூச்சில் ஏறி இறங்கியது.

"ஆமாம்" என்றாள்.

ஏழு வேளையும் அப்படித்தான் நடந்தது. ஏழு வேளையும் அவர் முகத்தை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் கதவு மூடினால் அம்மா வருகிறாளா என்று சேய்னி கேட்டாளாம். வருகிறாள், ஆனால் இப்போதெல்லாம் கால்மாட்டில் இல்லை, தங்கச்சி பக்கத்தில் போய் நிற்கிறாள் என்றாராம்.

பதினாலு மாதம் ஆயிற்று. கட்டி திரும்பவில்லை. ஒவ்வொரு ஸ்கேனும் சுத்தமாக வந்தது. இடது பாதம் மட்டும் ஐந்தாம் மாதத்திலிருந்து தொங்கிப்போயிற்று. அறுவையாலா, அந்தக் காலை வேளையாலா என்று டாக்டரம்மாவைக் கேட்டால், யாராலும் சொல்ல முடியாது என்கிறார். அந்தப் பதில்தான் பிசிலாவைத் தின்கிறது. இன்னதால்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டால்கூட நிம்மதியாக அழுதுவிட்டுப் போவாள்.

மாங்கெரே கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வரிசையில் அவள் உட்கார்ந்திருப்பாள். பின்னால் வாசலில் சத்தம் கேட்கும். டக், சர்ர்ர். டக், சர்ர்ர். நல்ல கால் ஊன்றும் சத்தம், தொங்கும் கால் பலகைத் தரையை உரசும் சத்தம். கம்பி குழாய்க்குள் போகும் சத்தம் மாதிரியே இருக்கும். கேட்டதும் அவள் திரும்பிவிடுவாள். கோவில் நடுவில், ஊரே பார்க்க, அண்ணன் காலை வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். முதலில் கிழவிகள் கனைத்தார்கள், தோளைத் தட்டினார்கள். "பாக்கட்டும் விடுங்க" என்று சேய்னி அதட்டியபின் விட்டுவிட்டார்கள்.

கலாஃபி அவள் பக்கம் திரும்புவதில்லை. முன்னைப்போலவே பேசுவதுமில்லை. ஆனால் அவள் வரிசையைத் தாண்டும்போது மட்டும் நடையை மெதுவாக்குவார், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அவர் தன் இடத்தில் உட்காரும் வரை பிசிலா பார்த்துக்கொண்டே இருப்பாள். உட்கார்ந்ததும், யாருக்கும் கேட்காமல், "ஆமாம்" என்பாள்.